வெளிக்கிட்டுத் திரிந்த ஒரு வருடம்: கிளிநொச்சிக் குடும்பம் ஒன்றின் பயணங்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

அதே வீடு, அதே ஐந்து பேர், பெரும்பாலும் அதே ஓட்டோ. ஆனாலும் சென்ற வருடம் சில இடங்களுக்குப் போய்வந்த கதையைப் பிள்ளைகள் கிழமைக்கணக்கில் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். வேறு சிலவற்றிலிருந்து திரும்பும்போது வாகனத்துக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இடம் எவ்வளவு பெயர்பெற்றது என்பதற்கும் இதற்கும் பெரிய தொடர்பு கிடையாது. நுவரெலியாவில் சண்டை, இரணைமடு அணைக்கட்டில் சிரிப்பு. இது என்ன கணக்கு?

நான் வாழ்வாதாரத் திட்டங்களுக்கு அறிக்கை எழுதுகிற வேலையில் இருக்கிறேன். ஒரு கிராமத்தில் கோழி வளர்ப்பு ஏன் சரிவந்தது, பக்கத்துக் கிராமத்தில் ஏன் படுத்தது என்று போய்க் கேட்டு, பின்னணி, நடந்தது, காரணம், இனிச் செய்யவேண்டியது என்று எழுதிக் கொடுப்பேன். அந்தப் பழக்கதோஷத்தில் எங்கள் வீட்டையும் அதேபோல எழுதிப் பார்த்தேன். மார்கழி லீவில் மழை விடாமல் பெய்ததால் நேரமும் இருந்தது.

பின்னணி

வீடு கிளிநொச்சியில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு கிரவல் ரோட்டில். நான், இவர், பத்தாம் ஆண்டு படிக்கிற மகன், புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிற மகள், எழுபதைத் தாண்டிய என் அம்மா. இவருக்கு இரணைமடுக் குளத்தின் கீழே கொஞ்ச வயல், மிச்ச நேரத்துக்கு ஓட்டோ. ஒரு மாடு, அதன் கன்று, ஒரு நாய். எங்கே போவதென்றாலும் இந்த மூன்றுக்கும் ஆள் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும்.

சனி ஞாயிறு லீவு என்பது எங்கள் ஊரில் பேச்சுக்குத்தான். மகனுக்கு இரண்டு நாளும் ரியூசன். ஒரு வகுப்பை விட்டால் அடுத்த கிழமை அவனுக்கே முகம் கறுத்துப்போகும். காலபோகத்தில் மருந்தடி, பசளை, பிறகு வெட்டு. சிறுபோகம் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. செய்தால் தண்ணீர் முறை வரும் நாளில் இவர் வரம்பை விட்டு அசையமாட்டார். இதற்குள் வெள்ளிக்கிழமை விரதம், கந்தசஷ்டி, சொந்தத்தில் ஒரு கலியாணம், ஒரு செத்தவீடு. மிஞ்சுகிற நாட்களில்தான் ஊர் பார்க்கிறது.

இன்னொரு பின்னணியும் இருக்கிறது, அதை எழுதாமல் மிச்சம் விளங்காது. அம்மா தன் வாழ்நாளில் குடும்பத்தோடு வெளிக்கிட்ட பெரிய பயணங்கள் எல்லாம் போருக்குப் பயந்து ஓடியவைதான். 1996இல் கிளிநொச்சியை விட்டு அக்கராயன், அங்கிருந்து மல்லாவி. பிறகு திரும்பி வந்து வீட்டைத் திருத்தி, கிணற்றை இறைத்து, கொஞ்ச வருடம் இருந்து, 2008 கடைசியில் மறுபடியும் தர்மபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தால் நடந்து இந்தப் பக்கம் வந்து, செட்டிக்குளம் மெனிக்பாம் அகதிமுகாம். சும்மா ஒரு இடத்தைப் பார்த்துவிட்டு வருவதற்காக வீட்டைப் பூட்டுகிற பழக்கம் அவவுக்கு இருந்ததே இல்லை.

அவவிடம் ஒரு பை இருக்கிறது. நீல நிறம், சிப் உடைந்து ஊசி குத்தியது. காணிப் பெர்மிட், எல்லாருடைய பிறப்பத்தாட்சிப் பத்திரம், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், முகாமில் தந்த அட்டை, அப்பாவின் ஒரு படம். இரணைமடுவுக்குப் பின்னேரம் காற்று வாங்கப் போனாலும் அந்தப் பை மடியில் இருக்கும். மகன் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, "அம்மம்மா, இனி இது துலையாது, பையை வீட்டிலை வையுங்கோ" என்றான். நல்ல பிள்ளை என்று தலையைத் தடவிவிட்டுப் பையையும் எடுத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தை முதல் பங்குனி வரை

வருடத்தின் முதல் பயணத்தைப் பயணம் என்றே சொல்லமுடியாது. தை தொடக்கத்தில் இரணைமடு நிரம்பி வான் பாய்கிறது என்று கேள்விப்பட்டதும் பாதிக் கிளிநொச்சி அங்கே போய்விட்டது, நாங்களும் போனோம். வெள்ளைக்காரர் காலத்தில் 1902இல் வேலை தொடங்கிய குளம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டியது, வடமாகாணத்தின் மிகப் பெரிய குளம். கதவால் தண்ணீர் விழும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் சொல்வது காதில் விழாது. கீழே கல்லுகளுக்கு நடுவே பெடியள் வலை போட்டுக்கொண்டு நின்றார்கள். கச்சான் ஒரு சுருள், அவித்த சோளம் இரண்டு, மீன் ஒரு கோர்வை. விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்து அந்த மீனைக் குழம்பு வைத்தோம். செலவு பெற்றோலும் சில்லறையும்.

மாசியில் சிவராத்திரி. அம்மாவுக்குத் திருக்கேதீச்சரத்தில் ஒரு நேர்த்தி நிலுவையில் இருந்தது, மகளுக்குக் காய்ச்சல் விடாமல் காய்ந்த நேரத்தில் வைத்தது. விசேட பஸ் ஒன்றில் பூநகரியால், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று ஏ32 வீதியில் போனோம். மாதோட்டத்து ஈசனைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடியிருக்கிறார்கள். போர்த்துக்கீசர் இடித்த கோயிலை மறுபடி எழுப்பவேண்டும் என்று 1872இல் ஆறுமுக நாவலர் எழுப்பிய குரலிலிருந்து இன்றைய கருங்கல் திருப்பணி வரைக்கும் அது ஒரு நீண்ட கதை. அன்று இரவு பாலாவியில் குடத்தை நிரப்பி, வரிசையில் ஊர்ந்து, தன் கையால் மகாலிங்கத்துக்கு நீர் வார்த்துவிட்டு வந்த அம்மாவின் சேலை இடுப்பு வரை நனைந்திருந்தது, "குளிருதா அம்மா" என்று கேட்டால் "எனக்கென்ன குளிர்" என்கிறா. பிள்ளைகள் இரவு முழுக்க முழித்திருப்பதாகச் சவால் விட்டு, இரண்டாம் சாமத்துக்கு முன்னமே மண்ணில் சுருண்டு படுத்துவிட்டார்கள்.

அடுத்த நாள் அப்படியே திரும்பியிருக்கலாம். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, பிள்ளையளுக்கு மன்னாரைக் காட்டுங்கோ" என்று சொன்னதும் அம்மாதான். மன்னார்த் தீவுக்குப் போகும் அந்த நீண்ட தாம்போதியின் இரண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் நின்றன. மாசி வரை அவை அங்கே நிற்கும், அதற்குப் பிறகு போனால் வெறும் தண்ணீர்தான். பள்ளிமுனையில் பெருக்கமரம். சுற்றளவு 19 மீற்றருக்கு மேல், அரேபிய வணிகர்கள் கொண்டுவந்து வைத்த மரம் என்று சொல்வார்கள். மகள் அதைச் சுற்றி ஓடிவிட்டு, ரோட்டில் தன்பாட்டில் திரிந்த கழுதைகளைப் பார்த்ததும் மரத்தை மறந்துவிட்டாள். மன்னார்க் கழுதைகள்தான் இந்த வருடத்தில் அவளுக்குப் பிடித்த முதலாவது விஷயம் என்று இன்றைக்கும் சொல்கிறாள், நுவரெலியாவில் ஏரியில் படகு ஓட்டியது எங்கேயோ கீழே கிடக்கிறது.

பங்குனியில் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல். அது கிட்ட, வருடாவருடம் போவது. புழுதி, சனம், ஐஸ்கிறீம், வீடு.

வைகாசியும் ஆனியும்: இரண்டு ரோடு

வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போவதென்று முடிவு. கடல்நீரில் விளக்கெரிக்கிற அந்தக் கோயிலை மகள் இன்னும் பார்த்ததில்லை. ஆனால் சித்திரை முடிவில் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, காலமாகிவிட்டார். துடக்கு. முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடியும் வரை கோயில் வாசல் கிடையாது. (மே 18ஆம் திகதி, போரில் செத்தவர்களின் நினைவுநாளுக்கு, முள்ளிவாய்க்காலுக்கு அம்மா போனா, போவா, அதை நான் இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அது பயணக் கணக்கில் வருகிற விஷயமில்லை.)

அந்திரட்டி முடிந்தும் வீடு இருட்டாகவே கிடந்தது. அம்மா சாப்பாட்டைக் குறைத்துவிட்டா. ஆனி மாதம் ஒரு ஞாயிறு, ரியூசன் வாத்தியார் வெளியூர் போய்விட்டார் என்று தகவல் வந்ததும், "முல்லைத்தீவுக் கடலுக்குப் போவம்" என்று இவர் ஓட்டோவை வெளியில் எடுத்தார். இந்தக் காலத்தில் கிழக்குப் பக்கக் கடல் ஓரளவு அமைதி, ஆடி கழிந்தும் கொஞ்சநாள் அப்படித்தான். பரந்தனால் திரும்பி ஏ35 வீதியில் போனால் கிட்ட, போனும் அதைத்தான் காட்டியது. அம்மா ஓட்டோவுக்குள் ஏறி இருந்துகொண்டு, யாரையும் பார்க்காமல், "மாங்குளத்தாலை போவம்" என்றா.

தெற்கே மாங்குளம் போய் அங்கிருந்து ஏ34 வீதியால் போவது நல்ல சுற்று, பெற்றோலும் கூட. இவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மகன் மட்டும், "அம்மம்மா, பரந்தனாலை போனா கெதியாப் போயிடலாம்" என்று மப்பைக் காட்டினான். விசுவமடு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் என்று வரிசையாக அந்த மப்பில் இருந்த பெயர்களை அவன் ஊர்ப் பெயர்களாக வாசித்தான். அந்த ஒழுங்கு அம்மாவுக்கு மனப்பாடம்.

முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம், துடக்குக் கழிந்த பிறகு அம்மா உடைத்த முதல் தேங்காய். ஏ9இல் போகிற எந்த வாகனமும் அங்கே நிற்காமல் போவது குறைவு, நின்றால் கச்சான் வாங்காமல் வருவதும் குறைவு. மாங்குளம் கழிந்து காட்டுப் பக்கம் ரோட்டோரத்தில் பாலைப்பழம் விற்றார்கள், சுண்டால் அளந்து. அந்தப் பழத்தை அளவோடு சாப்பிடத் தெரியவேண்டும். நாலைந்துக்கு மேல் போனால் அதன் பால் உதட்டில் பிசின்போல ஒட்டி, வாயைத் திறந்து மூடினால் உதடு ஒன்றோடொன்று இழுபடும். தேங்காய் எண்ணெய் பூசித்தான் கழற்றவேண்டும். மகள் பேச முடியாமல் கையால் கதைத்ததைப் பார்த்து, மாமா போனதிலிருந்து சிரிக்காத அம்மா வாய்விட்டுச் சிரித்தா. சின்னனில் மல்லாவிப் பக்கம் தாங்கள் காட்டுக்குள் போய்ப் பாலைப்பழம், வீரைப்பழம் பொறுக்கிய கதையை ஒட்டுசுட்டான் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தா. கற்சிலைமடுவில் வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் நடுகல்லைப் பார்க்க நிறுத்தினோம். 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிரிபேர்க் அவனைத் தோற்கடித்த இடம் என்று வெள்ளைக்காரர் வைத்த கல். தோற்ற செய்தியைச் சொல்கிற கல்லைத்தான் இன்றைக்கு நாங்கள் பூ வைத்துக் கும்பிடுகிறோம், மகன் பள்ளிக்கூடத்துக்கு எழுதவேண்டும் என்று படம் எடுத்துக்கொண்டான்.

முல்லைத்தீவில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மகளுக்கும் கயிற்றின் நுனியைக் கொடுத்தார் ஒரு ஐயா. வலை கரைக்கு வர முக்கால் மணித்தியாலம் எடுத்தது, அவள் கையை விடவே இல்லை, உள்ளங்கை சிவந்துபோயிற்று. கடலில் முழங்காலுக்கு மேல் இறங்க இவர் யாரையும் விடவில்லை. அந்தக் கரை சடாரென்று ஆழமாகும்.

திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஒட்டுசுட்டான் பக்கம் மைம்மலில் யானை ரோட்டுக்கு வரும் என்று தேத்தண்ணிக் கடையில் சொன்னார்கள். ஓட்டோவோடு யானைக்கு முன்னால் நிற்கமுடியாது. "பரந்தன் ரோட்டாலையே போவம், என்ன செய்யிறது" என்று அம்மா தானே சொன்னா. வட்டுவாகல் பாலம், ஒடுங்கிய பழைய பாலம், இரண்டு பக்கமும் தண்ணீர். 2009இல் மகன் என் வயிற்றில் இருந்தபோது நாங்கள் எதிர்ப்பக்கமாக நடந்தது அதில்தான். அவனுக்கு அது தெரியும், அன்றைக்கு அவன் ஒன்றும் கேட்கவில்லை. புதுக்குடியிருப்பு கழியும் வரை ஓட்டோவுக்குள் யாரும் கதைக்கவில்லை, பை அம்மாவின் நெஞ்சோடு இருந்தது. சுதந்திரபுரத்துக்குக் கிட்ட வந்ததும் அம்மா வெளியில் எட்டிப் பார்த்து, "இஞ்சை ஒரு கிணறு இருந்தது, நல்ல தண்ணி, உப்பில்லை" என்றா. அவ்வளவுதான். பரந்தன் சந்தியில் பாண் வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஆவணி: அண்ணா வந்தார்

லண்டனில் இருக்கும் இவரின் அண்ணா குடும்பம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தது. அவர்கள் வந்தால் ஒரு வான் பிடிப்பார்கள், எல்லா இடமும் பார்க்கவேண்டும், எங்களையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அன்பு குறைவில்லாத மனிதர்கள், பணத்தையும் எண்ணிச் செலவழிப்பதில்லை. அவர்களுக்கு லீவு கொஞ்சம், பட்டியல் நீளம், அதுதான் சிக்கல்.

மடு நன்றாகப் போயிற்று. ஒல்லாந்தர் காலத்தில் 1670இல் மாந்தையிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்து சேர்ந்த இடம், 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் வந்துபோன இடம். ஆவணி 15ஆம் திகதித் திருநாளுக்குக் கிறிஸ்தவர்கள் மட்டுமா வருகிறார்கள்? அம்மா நெற்றி நிறைய விபூதியோடுதான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினா. திருநாள் கழிந்து இரண்டு நாள் விட்டுப் போனதால் நெரிசல் குறைவு. மர நிழலில் பாய் விரித்து, வீட்டில் கட்டிக்கொண்டு போன புளிச்சோறும் பொரித்த மிளகாயும் சாப்பிட்டு, லண்டன் பிள்ளைகள் குரங்குக்குப் பயந்து வானுக்குள் ஓடி, பின்னேரம் வீட்டுக்கு வந்தாயிற்று.

நுவரெலியாதான் கவிழ்த்தது. அண்ணாவின் மனைவி, என் மச்சாள், அவவின் பிள்ளைகளுக்கு நீர்வீழ்ச்சியும் தேயிலைத் தோட்டமும் பார்க்கவேண்டும், எங்கள் பிள்ளைகளும் துள்ளினார்கள். கிளிநொச்சியிலிருந்து விடியப்பறம் மூன்று மணிக்கு வெளிக்கிட்டு வவுனியா, தம்புள்ளை, மாத்தளை, கண்டி. கண்டி நகருக்குள் நெரிசலிலேயே பாதிப் பகல் போனது. றம்பொடை வளைவுகளில் நாலு பிள்ளைகளில் மூன்று பேர் சத்தி. இரவு போய்ச் சேர்ந்த விடுதியில் போனில் சொன்ன அறை கிடைக்கவில்லை, மாடியில் வேறொன்று, சுடுதண்ணி வராது. எங்கள் வெயிலில் வளர்ந்த அம்மாவுக்கு 1,800 மீற்றர் உயரத்துக் குளிர் எலும்பில் இறங்கிவிட்டது. அடுத்த நாள் சீதா எலிய அம்மன் கோயில், ஏரி, பூங்கா, தேயிலைத் தொழிற்சாலை என்று ஓட்டம். எல்லா இடத்திலும் வானால் இறங்கி, படம் எடுத்து, ஏறி. அம்மா பாதிக்கு மேல் வானை விட்டு இறங்கவில்லை. திரும்பும் வழியில் மச்சாளுக்கும் எனக்கும் ஒரு யோக்கட்டில் தொடங்கிய வாக்குவாதம் 2009இல் யார் யாருக்குப் பணம் அனுப்பினார்கள் என்ற இடத்தில் போய் நின்றது. அண்ணா கொடுத்த வான் கூலியில் எங்கள் மற்ற எல்லாப் பயணத்தையும் இன்னொரு தரம் போய்வந்திருக்கலாம்.

புரட்டாதியில் ரயில்

இதுவும் பிள்ளைகளுக்காகப் போட்ட பயணம்தான், ஆனால் சரிவந்தது, அதனால் இந்த ஆய்வுக்கு முக்கியம். கிளிநொச்சியிலிருந்து காங்கேசன்துறைக்கு ரயில். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990இல் நின்றுபோனது. தண்டவாளமே இல்லாமல் போன பாதையில் 2013 செப்ரம்பரில் கிளிநொச்சி வரைக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும், 2015 தையில் காங்கேசன்துறை வரைக்கும் மறுபடி வந்தது. அம்மா கடைசியாக ரயிலில் ஏறியது கலியாணம் முடித்த புதிதில். ஆனையிறவில் இரண்டு பக்கமும் உப்பளமும் கடல்நீரும் விரிகிற இடத்தில் பிள்ளைகள் யன்னலை விட்டு நகரவில்லை, அம்மா கதவடியில் நின்று காற்று வாங்கினா. கொடிகாமத்தில் ஏறிய ஒரு அம்மாவோடு கதைத்துக் கதைத்து, அவ எங்கள் அப்பாவின் ஒன்றுவிட்ட சொந்தம் என்று கண்டுபிடித்துவிட்டா. கீரிமலைக் கேணியில் பிள்ளைகள் குளித்தார்கள், நகுலேஸ்வரத்தில் ஒரு அருச்சனை, பின்னேர ரயிலில் வீடு.

ஐப்பசி பிறக்க மழை தொடங்கியது, விதைப்பும் தொடங்கியது. அதற்குப் பிறகு எங்கும் போகவில்லை.

காரணம் என்ன

எழுதி வைத்ததை அடுக்கிப் பார்த்தபோது எனக்கு முதலில் தெரிந்தது தூரம். கிட்டப் போனது நல்லது, தூரப் போனது கெட்டது. ஆனால் திருக்கேதீச்சரமும் மன்னாரும் கிட்ட இல்லை, இரவு நித்திரையும் இல்லை, அது நல்லாகத்தான் போனது. பணமா என்று பார்த்தால் அதுவும் பொருந்தவில்லை, நுவரெலியாவில் எங்கள் பணம் குறைவாகத்தான் போனது. கோயில் பயணம் சரிவரும், மற்றது சரிவராது என்று அம்மா சொல்கிறா. முல்லைத்தீவுக் கடலையும் ரயிலையும் அதற்குள் அடக்கமுடியாது.

பிறகு ஒவ்வொரு பயணத்திலும் அம்மா எத்தனை தரம் தண்ணீர் குடித்தா என்று யோசித்தேன். சிரிக்கவேண்டாம், இதுதான் எனக்குக் கிடைத்த முக்கியமான விடை. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் தூரப் பயணம் என்றால் விடியவிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார்கள், வழியில் ஒதுங்க இடம் இருக்குமோ என்ற பயம். காட்டோரம் ஒதுங்கலாம் என்றால் வன்னியில் எல்லாக் காட்டோரமும் கால்வைக்கிற இடமில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையை இன்னமும் சில இடங்களில் காணலாம், பலகை இல்லாத இடத்தையும் அம்மா நம்பமாட்டா. வானில் ஆண்கள் நினைத்த இடத்தில் நிறுத்தி இறங்குவார்கள், நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்போம். மத்தியானம் தாண்டத் தலையிடி, பிறகு எரிச்சல், பிறகு யாரோ ஒரு யோக்கட்டைச் சாட்டிச் சண்டை. நுவரெலியாவுக்குப் போன நாள் அம்மா கண்டி வரைக்கும் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை, மச்சாளும் அப்படித்தான் இருந்திருக்கிறா, பிறகு போனில் கதைத்தபோது சொன்னா. ரயிலில் மலகூடம் இருக்கிறது. முறிகண்டியில் இருக்கிறது. திருக்கேதீச்சரத்திலும் மடுவிலும் இருக்கிறது, நேரமும் இருந்தது. முல்லைத்தீவுக்குப் போனபோது முள்ளியவளையில் சொந்தக்காரர் வீட்டில் நின்று போனோம்.

இரண்டாவது, ரோட்டை யார் முடிவு செய்தது என்பது. மாங்குளத்தால் போவோம் என்று அம்மா சொன்னதும் வாகனம் அந்தப் பக்கம் திரும்பியது. மன்னாருக்குப் போவோம் என்றா, போனோம். அவவின் சொல் நடந்த நாட்களில் அவ கதை சொன்னா, பிள்ளைகள் கேட்டார்கள், அந்தக் கதைதான் பயணமாக இருந்தது. நுவரெலியா வானில் வழி, நேரம், நிற்கிற இடம் எல்லாம் அண்ணாவின் போனில் இருந்தது. யாரும் அவவிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவவும் ஒன்றும் சொல்லவில்லை, பிள்ளைகள் போனையும் சத்திப் பையையும் வைத்துக்கொண்டு இருந்தார்கள். பிள்ளைகளுக்காகவென்றே போட்ட அந்தப் பயணத்தில் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது சத்திதான். மூத்த ஆளின் உடம்புக்கும் மனதுக்கும் ஏற்றபடி போட்டவற்றில் எல்லாருக்கும் ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கிறது. இவருக்கு இந்த முடிவில் முழுச் சம்மதம் இல்லை, "ரெண்டு நாள் கூடப் போட்டிருந்தா நுவரெலியாவும் நல்லாத்தான் இருந்திருக்கும்" என்கிறார். அதிலும் உண்மை இருக்கிறது. கண்டியில் ஒரு இரவு தங்கியிருந்தால் அம்மா தலதா மாளிகைப் பக்கம் ஏரிக்கரையில் நடந்திருப்பா.

மூன்றாவது, பொழுது. எந்த நாளில் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவோம் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்ததோ அந்த நாளில் அவ நிம்மதியாக இருந்தா. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் திரும்பி வரமுடியும் என்பதை அவ ஒவ்வொரு தரமும் புதிதாக நம்பவேண்டியிருக்கிறது. மாட்டுக்கு வைக்கோல் போட ஆள் வைத்துவிட்டு இரண்டு இரவு வெளியே நின்றது நுவரெலியாவுக்கு மட்டும்தான்.

இனி

தை பிறந்து வெட்டு முடியட்டும் என்று எல்லாவற்றையும் தள்ளி வைத்திருக்கிறோம். ரியூசன் வாத்தியாரிடம் மாதத்தில் ஒரு ஞாயிறு இல்லாமல் இருக்கலாமா என்று மகன் தானே கேட்டிருக்கிறான், அவர் பரீட்சை முடியட்டும் என்றிருக்கிறார். வற்றாப்பளைப் பொங்கலுக்கு இந்த முறை கட்டாயம், அதற்கு எந்த ரோட்டால் போவது என்று இப்போதே கேட்டேன், "அப்ப பாப்பம்" என்றா அம்மா. நிற்கிற இடங்களை நான் ஒரு கொப்பியில் எழுதிவருகிறேன், மலகூடம் எங்கே சுத்தம், எங்கே தண்ணீர் வரும், எங்கே பூட்டிச் சாவியைக் கடைக்காரர் வைத்திருப்பார் என்று. மாங்குளம் வரைக்கும் முடிந்துவிட்டது, முல்லைத்தீவுப் பக்கம் இன்னும் காலி, அறிந்தவர்களிடம் கேட்டுத்தான் நிரப்பவேண்டும்.

அண்ணா அடுத்த ஆவணியில் திருகோணமலைக்கு வான் பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். கோணேச்சரம், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளி, எல்லாம் ஒரே நாளில். நான் இந்த எழுத்தை அவருக்கு அனுப்பினேன். "சரி, ரெண்டு நாள்" என்று பதில் வந்தது. மச்சாள் தனியாக ஒன்று அனுப்பியிருந்தா: "அந்தக் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பு."